ஓடும் கெர்னலில் லைவ்பேட்ச்: ரெஃப்கவுண்ட் சேர்க்கப் போய்ப் புதிதாக ஒரு யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயை உண்டாக்காமல் இருப்பது எப்படி?

கொள்ளுப்பிட்டி_நைட்ஷிஃப்ட் (செவ்வாய், இரவு 11:40)

வணக்கம். கார்ட் பரிவர்த்தனைகளைக் குறியாக்கம் செய்யும் அட்டை ஒன்று எங்கள் சேர்வர்களில் இருக்கிறது. அதன் டிரைவர் நாங்களே எழுதிய மொடியூல், அதாவது கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு. உபுண்டு 22.04, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.15.

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. டிரைவருக்குள் செஷன்களின் லிஸ்ட் ஒன்று இருக்கிறது. ஐஆக்டில் (புரோகிராம் டிரைவரை அழைக்கும் சிஸ்டம் கால்) வந்தால் லொக்கைப் பிடித்து, செஷனைத் தேடி எடுத்து, லொக்கை விட்டுவிட்டு, அந்தப் பாயிண்டரோடு வேலை தொடர்கிறது. அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் அதே செஷனை மூடினால் கேஃப்ரீ, அதாவது அந்த மெமரி விடுவிக்கப்படும். முதல் த்ரெட்டின் கையில் இருப்பது செத்த பாயிண்டர், இதுதான் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ. ஸ்டேஜிங்கில் (சோதனைச் சேர்வரில்) ஸ்லப் (கெர்னலின் மெமரி ஒதுக்கி) டீபக் போட்டு ஓட்டியபோது ஓப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) முழுக்க 6b6b6b6b, விடுவித்த மெமரியில் நிரப்பப்படும் அடையாளம். சந்தேகத்துக்கே இடமில்லை.

சோர்ஸில் திருத்துவது சுலபம்: செஷன் ஸ்ட்ரக்ட்டில் ஒரு ரெஃப்கவுண்ட் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை), தேடும்போது கூட்டல், முடிந்ததும் கழித்தல், பூச்சியம் ஆனால் விடுவித்தல். ஆனால் 25ஆம் திகதி சம்பள நாள் தாண்டும் வரை ரீபூட் இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. அடுத்த போயா (பௌர்ணமி விடுமுறை) இரவுக்குத்தான் அனுமதி. அதுவரை லைவ்பேட்ச் (ரீபூட் இல்லாமல் ஓடும் கெர்னலைத் திருத்துவது) போடலாமா என்று கேட்கிறார்கள்.

என் திட்டம்: ஸ்ட்ரக்ட்டின் கடைசியில் ரெஃப்கவுண்டைச் சேர்த்து, திறப்பது, தேடுவது, மூடுவது, வேர்க்கர் (வரிசையில் நிற்கும் வேலையைப் பிறகு முடிப்பது) ஆகிய நான்கு ஃபங்ஷன்களையும் மாற்றி எழுதி, லைவ்பேட்ச் மொடியூலாக ஏற்றுவது. ஏதோ இடிக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

ஈரப்பலா (செவ்வாய், இரவு 11:58)

முதல் கேள்வி: ஏன் இந்த வில்லங்கம்? உங்கள் சொந்த மொடியூல்தானே. இறக்கிவிட்டுத் திருத்தியதை ஏற்றுங்கள். இரண்டு சேர்வர் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். அதற்குத்தானே இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம்?

கொள்ளுப்பிட்டி_நைட்ஷிஃப்ட் (புதன், காலை 12:10)

டீமன் (பின்னணியில் ஓடும் எங்கள் புரோகிராம்) அந்த டிவைஸை எப்போதும் திறந்தே வைத்திருக்கும். அதை நிறுத்தாமல் மொடியூல் இறங்காது. நிறுத்தினால் செஷன்கள் எல்லாம் போய், கடைகளில் இருக்கும் டேர்மினல்கள் ஒவ்வொன்றும் திரும்பச் சாவி பரிமாற வேண்டும். மற்ற சேர்வருக்கு மாற்றினாலும் அதே கதை. புறக்கோட்டையில் சம்பள வாரத்தில் கார்ட் மெஷின் அரை மணித்தியாலம் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மணிக்கூண்டு (புதன், காலை 7:15)

தம்பி, இடிக்கிறது என்று நீங்கள் உணர்ந்தது சரி. ஸ்ட்ரக்ட்டின் கடைசியில் ஃபீல்ட் சேர்ப்பதை இப்போதே கைவிடுங்கள்.

லைவ்பேட்ச் மாற்றுவது ஃபங்ஷனை மட்டும். பழைய ஃபங்ஷனின் வாசலில் எஃப்ட்ரேஸ் (ஃபங்ஷன் அழைப்புகளை இடைமறிக்கும் கெர்னல் வசதி) நின்றுகொண்டு, வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடுகிறது. அவ்வளவுதான். மெமரியில் ஏற்கெனவே கிடக்கும் செஷன்களை அது தொடுவதே இல்லை. அவை பழைய அளவில் ஒதுக்கப்பட்டவை. புதிய கோட் அவற்றின் கடைசியில் ரெஃப்கவுண்ட் இருப்பதாக நினைத்து எழுதினால், அது பக்கத்து ஸ்லப் ஒப்ஜெக்டின் தலையில் விழும். யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயைத் திருத்தப் போய் அதைவிட மோசமான ஒன்றை வாங்கிக் கொள்வீர்கள்.

இந்தப் பிரச்சினை லைவ்பேட்ச்சோடு கூடவே பிறந்தது. கேஸ்ப்லைஸ் 2008இல் எம்ஐடியிலிருந்து வந்தது. ஒரு கணம் இயந்திரத்தையே நிறுத்தி, எந்த ஸ்டாக்கிலும் பழைய ஃபங்ஷன் இல்லை என்று பார்த்து மாற்றும். 2014இல் ரெட்ஹாட் கேபேட்ச்சையும் சூஸே கேகிராஃப்ட்டையும் தனித்தனியாக வெளியிட்டார்கள். இரண்டிலிருந்தும் பொதுவானதை எடுத்து 4.0இல் லைவ்பேட்ச் கெர்னலுக்குள் வந்தது. டாஸ்க் (ஓடும் த்ரெட்) ஒவ்வொன்றாகப் பழையதிலிருந்து புதியதற்கு மாறும் முறை 4.12இல். ஆனால் இது எல்லாமே கோட் பற்றியது. டேட்டாவுக்கு வழி கிடைத்தது 4.15இல், ஷேடோ வேரியபிள் என்ற பெயரில்.

ஒப்ஜெக்டின் முகவரி, நீங்கள் கொடுக்கும் ஒரு ஐடி, இந்த இரண்டையும் சேர்த்துக் கெர்னல் ஒரு ஹாஷ் டேபிளில் உங்கள் கூடுதல் டேட்டாவை வைத்துக்கொள்ளும். ஸ்ட்ரக்ட் மாறாது. உங்கள் ரெஃப்கவுண்டை அங்கே வையுங்கள். கெர்னல் சோர்ஸில் சாம்பிள்ஸ் டிரெக்டரிக்குள் லைவ்பேட்ச் ஷேடோ என்று மூன்று ஃபைல்கள் இருக்கின்றன: வேண்டுமென்றே மெமரியை லீக் செய்யும் ஒரு மொடியூல், அதற்கு இரண்டு திருத்தங்கள். முதல் திருத்தம், லீக் ஆகும் பாயிண்டரை ஷேடோவில் பிடித்து வைத்துப் பிறகு விடுவிக்கிறது. இன்று இரவே அதை ஓட்டிப் பாருங்கள்.

மொறட்டுவை_மாணவன் (புதன், காலை 9:02)

அண்ணா, ஒரு சந்தேகம். முகவரியை வைத்துத் தேடுவது என்றால், அந்த ஒப்ஜெக்ட் போய் அதே முகவரியில் வேறொன்று வந்தால்?

மணிக்கூண்டு (புதன், காலை 9:30)

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். வெள்ளவத்தையில் அனெக்ஸ் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: முன்பு இருந்தவர் மின்சார பில் கட்டாமல் போயிருப்பார், பில் வீட்டுக்குத்தானே வருகிறது, புதிதாக வந்தவரின் தலையில் விழும். ஷேடோவும் அப்படித்தான், ஆளுக்கு அல்ல, முகவரிக்கு. ஒப்ஜெக்டை விடுவிக்கும் இடத்தில் ஷேடோவையும் விடுவிக்காவிட்டால் பாக்கி அங்கேயே நிற்கும். ஸ்லப்பில் கடைசியாக விடுவித்த இடம்தான் பெரும்பாலும் அடுத்ததாகக் கொடுக்கப்படும். எனவே, இது எப்போதாவது நடக்கும் விபத்து என்று நினைக்க வேண்டாம், அடுத்த செஷனிலேயே நடக்கும்.

இன்னொன்று, வரிசை. முதலில் ஷேடோவை விடுவித்து, அதன் பிறகே செஷனைக் கேஃப்ரீ செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால், கேஃப்ரீக்கும் ஷேடோ விடுவிப்புக்கும் நடுவில் இன்னொரு சிபியு அதே முகவரியில் புதிய செஷனை உருவாக்கித் தன் ஷேடோவையும் வைத்துவிடலாம். நீங்கள் பிறகு அழிப்பது அந்தப் புதியவருடையதை. இந்த மாதிரிப் பிழையை ஓப்ஸை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றால் ஆயுள் போதாது.

கொள்ளுப்பிட்டி_நைட்ஷிஃப்ட் (புதன், பிற்பகல் 1:20)

விளங்கியது. அப்படியானால் திட்டத்தை மாற்றுகிறேன். திறக்கும்போது ஷேடோ ரெஃப்கவுண்ட் 1. ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்களுக்கு, தேடும் ஃபங்ஷனில் "இருந்தால் கொடு, இல்லாவிட்டால் உருவாக்கு" என்ற கேஎல்பி_ஷேடோ_கெட்_ஆர்_அலாக்கைப் போட்டால், முதல் தடவை தேடும்போதே அவற்றுக்கும் ரெஃப்கவுண்ட் வந்துவிடும். பழையது, புதியது எல்லாம் ஒரே வழிக்கு வந்துவிடுகின்றன. சரிதானே?

காலிவீதி (புதன், இரவு 8:45)

இல்லை, இந்த இடத்தில்தான் பேட்ச்சே பிழையாகிறது. ஒரு கேள்வி கேட்கிறேன்: நீங்கள் சொன்ன அந்த வேர்க்கர், செஷன் பாயிண்டரை எங்கிருந்து எடுக்கிறது?

கொள்ளுப்பிட்டி_நைட்ஷிஃப்ட் (புதன், இரவு 8:52)

ஐஆக்டில் ஒரு ரிக்வெஸ்ட்டை உருவாக்கி, அதற்குள் செஷன் பாயிண்டரை வைத்து வேர்க்கியூவில் (வேலை வரிசையில்) போடும், அக்கா. அட்டை பதில் தந்ததும் வேர்க்கர் அதை எடுத்து முடிக்கும். திருத்திய சோர்ஸில், வரிசையில் போடும்போது கவுண்டைக் கூட்டுகிறோம், வேர்க்கரின் கடைசியில் கழிக்கிறோம்.

காலிவீதி (புதன், இரவு 9:30)

அப்போது கணக்கை வடிவாகப் போட்டுப் பார்ப்போம்.

பேட்ச் ஏறுவதற்கு முன் பழைய கோட் ஒரு ரிக்வெஸ்ட்டை வரிசையில் போட்டுவிட்டது. பழைய கோட்டுக்கு ரெஃப்கவுண்ட் என்றால் என்னவென்றே தெரியாது, எனவே கூட்டவில்லை. பேட்ச் ஏறுகிறது. புதிய ஐஆக்டில் ஒன்று அதே செஷனைத் தேடுகிறது: உங்கள் கெட்_ஆர்_அலாக் ஷேடோவை உருவாக்கி 1 வைக்கிறது, தனக்காக ஒன்று கூட்டி 2. இப்போது புதிய வேர்க்கர் அந்தப் பழைய ரிக்வெஸ்ட்டை எடுத்து முடித்து, சொல்லிக் கொடுத்தபடி ஒன்று கழிக்கிறது: 1. ஐஆக்டில் தன் வேலை முடிந்து ஒன்று கழிக்கிறது: 0. செஷன் விடுவிக்கப்பட்டது. ஆனால் அது இன்னும் லிஸ்டில் இருக்கிறது, யாரும் மூடவே இல்லை! அடுத்து தேடும் த்ரெட் செத்த செஷனைத்தான் எடுக்கும்.

பழைய பிழைக்கு இரண்டு த்ரெட்கள் ஒரு சின்ன இடைவெளியில் மோத வேண்டியிருந்தது. இதற்கு மோதலே வேண்டாம், சாதாரண ட்ராஃபிக் போதும்.

டாஸ்க் எல்லாம் புதியதற்கு மாறிவிட்டதே, இனிப் பழையது எங்கே என்று கேட்கலாம். லைவ்பேட்ச் தருகிற உறுதி ஸ்டாக்கைப் பற்றியது: மாற்றப்படும் ஃபங்ஷன் ஒரு டாஸ்க்கின் ஸ்டாக்கில் இல்லாதபோதுதான் அந்த டாஸ்க்கைப் புதியதற்கு மாற்றுவான். பாயிண்டர் ஸ்டாக்கில் மட்டும் இருந்தால் அந்த உறுதி போதும். வேர்க்கியூவில், டைமரில், ஃபைலின் பிரைவேட் டேட்டாவில், ஆர்சியு கால்பேக்கில் (வாசிப்பவர்கள் எல்லோரும் முடித்த பிறகு ஓடும் ஃபங்ஷனில்) பதுங்கியிருக்கும் பாயிண்டரை அவன் பார்ப்பதே இல்லை. பேட்ச் எழுதுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

கெர்னலின் ரெஃப்கவுண்ட்_டி வகை என்பதால் பூச்சியத்துக்குக் கீழே போனால் "அண்டர்ஃப்ளோ, யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ" என்று டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) எச்சரிக்கை வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். மேலே போட்ட கணக்கில் அது நேர்மையாகப் பூச்சியத்துக்குத்தான் வருகிறது. எச்சரிக்கை, யாராவது அதற்குப் பிறகும் கழித்தால்தான்.

ஈரப்பலா (புதன், இரவு 9:41)

ஆக, மருந்து நோயைவிட மோசம். நான் சொன்னதைத்தான் நீங்கள் எல்லோரும் நீட்டி முழக்கிச் சொல்கிறீர்கள். போயாவுக்கு ரீபூட் பண்ணுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள்.

மணிக்கூண்டு (வியாழன், காலை 6:50)

ஈரப்பலா சொல்வதில் பாதி நியாயம். எல்லாத் திருத்தமும் லைவ்பேட்ச்சுக்கு ஏற்றதல்ல. ஆனால் ஏற்றதையும் பாருங்கள். 2016இல் வந்த சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்புக் குறைபாடு நினைவிருக்கிறதா? செஷன் கீரிங்கில் (கெர்னல் சாவிகளை வைக்கும் தொகுப்பில்) ஒரு பாதையில் கழிக்க மறந்த ரெஃப்கவுண்ட். அந்தக் கவுண்டர் 32 பிட். 429 கோடிக்கு மேற்பட்ட தடவை அழைத்தால் சுற்றி வந்து பூச்சியத்தைத் தொடும், ஒப்ஜெக்ட் விடுவிக்கப்படும், ஆனால் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். திருத்தம், கவுண்டைக் கழிக்கும் கீ_புட் அழைப்பு விடுபட்ட இடத்தில் அதைச் சேர்ப்பது மட்டும். லைவ்பேட்ச்சாக அது அருமையான திருத்தம், ஏன் தெரியுமா? பேட்ச்சுக்கு முன் கூடிப்போன கவுண்ட் கூடினபடியே இருக்கட்டும், அந்தக் கீரிங் ஒருபோதும் விடுபடாது, கொஞ்சம் மெமரி வீண். இனிமேல் கூடாது. யாரும் பழைய கணக்கைச் சரிபண்ணப் போகவில்லை.

தம்பியின் திருத்தத்தையும் அந்தப் பக்கம் தள்ள முடியும். ஒரு செஷன் எந்தக் கோட்டில் பிறந்தது என்று பாருங்கள். புதிய கோட்டில் பிறந்திருந்தால் ஷேடோ உண்டு, கூட்டல் கழித்தல் எல்லாம் முறைப்படி. பழைய கோட்டில் பிறந்திருந்தால் ஷேடோ இல்லை. கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, மூடும்போது லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டு மெமரியை அப்படியே விட்டுவிடுங்கள். கேஃப்ரீ வேண்டாம். லீக் ஆகட்டும். பிறக்கும்போது தீர்மானித்ததை நடுவில் மாற்றக் கூடாது, அதனால் தேடும் ஃபங்ஷனில் கெட்_ஆர்_அலாக் வேண்டவே வேண்டாம், வெறும் கெட் போதும்.

விடுவிக்காத மெமரியில் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ வராது. பழைய ரிக்வெஸ்ட் எத்தனை வரிசையில் நின்றாலும் அதன் கையில் இருக்கும் பாயிண்டர் உயிரோடுதான் இருக்கும்.

கொள்ளுப்பிட்டி_நைட்ஷிஃப்ட் (வியாழன், காலை 10:15)

ஒரு செஷன் 1 கிலோபைட்டுக்கும் குறைவு, அதனால் லீக் பற்றிக் கவலையில்லை. குறியாக்கச் சாவிகளும் செஷனில் இல்லை, அட்டைக்குள்ளேயே இருக்கின்றன. செஷனில் வெறும் இலக்கம் மட்டும்தான். பிரச்சினை இல்லை.

ஆனால் ட்ரான்சிஷன் (டாஸ்க்குகள் புதியதற்கு மாறும் காலம்) நடக்கும்போது சில டாஸ்க் பழைய கோட்டிலும் சில புதியதிலும் இருக்குமே? புதிய கோட்டில் பிறந்த செஷனைப் பழைய கோட்டில் இருக்கும் த்ரெட் மூடினால், அதற்கு ஷேடோவை விடுவிக்கத் தெரியாது. மின்சார பில் பாக்கி திரும்ப வந்துவிடும்.

மணிக்கூண்டு (வியாழன், காலை 10:40)

ஓம், அதற்காகத்தான் கால்பேக்குகள், பேட்ச் ஏறும் குறிப்பிட்ட கட்டங்களில் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்கள். பேட்ச்சுக்குள் ஒரு பூலியன் வையுங்கள், ஆரம்பத்தில் பொய். போஸ்ட்_பேட்ச் கால்பேக் என்பது எல்லா டாஸ்க்கும் புதியதற்கு மாறி முடிந்த பிறகே ஓடும். அங்கே அதை மெய்யாக்குங்கள். திறக்கும் ஃபங்ஷன், அது மெய்யானால் மட்டும் ஷேடோ உருவாக்கட்டும். ட்ரான்சிஷன் நடக்கும்போது பிறக்கும் செஷன்களும் "பழைய" கணக்கில் சேர்ந்து லீக் ஆகும், அவ்வளவுதான். அதன் பிறகு ஷேடோ உள்ள எந்தச் செஷனையும் பழைய கோட் தொடவே முடியாது.

ட்ரான்சிஷன் முடியும் வரை பழைய பிழை பழைய டாஸ்க்குகளில் உயிரோடுதான் இருக்கும். அதை யாராலும் தடுக்க முடியாது, அந்த நேரத்தைக் குறைக்கத்தான் முடியும்.

காலிவீதி (வியாழன், காலை 11:25)

இதோடு மூன்று சேர்க்கை.

திறக்கும் ஃபங்ஷனில் கேஎல்பி_ஷேடோ_அலாக்கையே பயன்படுத்துங்கள், கெட்_ஆர்_அலாக்கை அல்ல. அந்த முகவரிக்கு ஏற்கெனவே ஷேடோ இருந்தால் அலாக் "டூப்ளிகேட் ஷேடோ வேரியபிள்" என்று எச்சரித்து நல் (வெற்றுப் பாயிண்டர்) திருப்பித் தரும். மற்றது சத்தமில்லாமல் பழைய ஆளின் கவுண்டைப் புதியவருக்குக் கொடுத்துவிடும். பிழை இருந்தால் கத்தட்டும், அதுதான் நமக்கு வேண்டும். மெமரி கிடைக்காமல் அலாக் தோற்றாலும் நல்தான். அந்தச் செஷனையும் பழையது போல நடத்தி லீக் செய்யுங்கள். ஷேடோவுக்கு ஆரம்ப மதிப்பு வைக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஸ்பின்லொக்குக்குள் ஓடும், அதற்குள் தூங்கும் எதையும் அழைக்காதீர்கள்.

இரண்டாவது இன்லைன், அதாவது ஒரு ஃபங்ஷனின் கோட் அழைக்கும் இடத்திலேயே பதிக்கப்படுவது. செஷனை விடுவிக்கும் சின்ன ஸ்டாட்டிக் ஃபங்ஷன் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். கொம்பைலர் அதை இரண்டு மூன்று இடத்தில் இன்லைன் செய்திருந்தால், நீங்கள் அந்த ஃபங்ஷனை மட்டும் மாற்றிப் பயனில்லை. இன்லைன் ஆன இடங்களில் பழைய கேஃப்ரீ அப்படியே ஓடும், ஷேடோ மிஞ்சும். ஓடிக்கொண்டிருக்கும் அதே மொடியூல் பைனரியை ஒப்ஜ்டம்ப் (பைனரியை அசெம்பிளியாகக் காட்டும் கருவி) போட்டு, கேஃப்ரீக்குப் போகும் ஒவ்வொரு அழைப்பையும் கையால் பாருங்கள். கேபேட்ச்-பில்ட் போன்ற கருவி இரண்டு தடவை பில்ட் செய்து ஒப்பிட்டு, மாறிய ஃபங்ஷன்களைத் தானாகப் பிடிக்கும். கையால் எழுதும்போது நாம்தான் கருவி.

மூன்றாவது, வேர்க்கரின் முகவரி. ரிக்வெஸ்ட்டில் வேர்க் ஃபங்ஷனின் பாயிண்டரை வைக்கும் வரி எங்கே இருக்கிறது?

கொள்ளுப்பிட்டி_நைட்ஷிஃப்ட் (வியாழன், காலை 11:40)

மொடியூல் ஏறும்போதே ரிக்வெஸ்ட் பூலை உருவாக்கி, அங்கேயே வைத்துவிடுகிறோம். அந்த ஃபங்ஷனை நான் தொடவில்லை.

காலிவீதி (வியாழன், காலை 11:52)

நல்ல காலம். அந்த வரி பேட்ச்சுக்குள் வந்திருந்தால், பாயிண்டர் லைவ்பேட்ச் மொடியூலுக்குள் இருக்கும் புதிய ஃபங்ஷனைக் காட்டும். நாளைக்கு அந்த மொடியூலை இறக்கினால், வரிசையில் நிற்கும் வேர்க் போய் விழுவது விடுவித்த கோட்டில். யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்றால் எல்லோரும் டேட்டாவை நினைக்கிறோம், கோட்டுக்கும் அதே விதி. பழைய முகவரியே இருந்தால் கவலையில்லை, எஃப்ட்ரேஸ் வாசலில் திருப்பிவிடும். புதிதாகக் கால்_ஆர்சியு போட்டு அதன் கால்பேக் உங்கள் மொடியூலுக்குள் இருந்தால், இறங்குவதற்கு முன் ஆர்சியு_பேரியர் கட்டாயம்.

மொறட்டுவை_மாணவன் (வியாழன், பிற்பகல் 2:05)

அக்கா, இதை எப்படி டெஸ்ட் செய்வது? கேஸான் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்ட கெர்னலில் ஓட்டினால் போதுமா?

காலிவீதி (வியாழன், பிற்பகல் 3:30)

போதாது, ஆனால் அது இல்லாமலும் முடியாது. கேஸான் விடுவித்த ஒப்ஜெக்டைக் கொஞ்ச நேரம் தனியாக ஒதுக்கி வைக்கும், உடனே மறுபடி கொடுக்காது. அதனால் செத்த பாயிண்டரைத் தொட்டால் கையும் களவுமாகப் பிடிபடும். ஆனால் அதே காரணத்தால், முகவரி திரும்பக் கிடைத்தால்தான் வெளிப்படும் ஷேடோ பாக்கிப் பிழை அங்கே ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிக்க கேஸான் இல்லாத சாதாரண கெர்னலில் செஷனைத் திறந்து மூடி, திறந்து மூடி ஓட்ட வேண்டும். கேஸான் பில்டில் இன்லைன் முடிவுகளும் மாறிவிடும், ஆகவே ப்ரொடக்‌ஷன் பைனரியிலும் ஒரு தடவை கட்டாயம்.

ட்ராஃபிக் இல்லாத விஎம்மில் பேட்ச்சை ஏற்றி "ஏறிவிட்டது" என்று டிக் போடுவதைக் கனக்கப் பார்த்திருக்கிறேன். அது டெஸ்ட் அல்ல. ஏறுவதற்கு முன்பே திறந்த செஷன்கள் இருக்க வேண்டும், வேர்க்கியூவில் ரிக்வெஸ்ட்கள் நிற்க வேண்டும், அட்டையின் பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்த வேண்டும், அந்த நேரத்தில் பேட்ச் ஏற வேண்டும், பிறகு பழைய செஷன்களை மூட வேண்டும். நீங்கள் முதலில் போட்ட கெட்_ஆர்_அலாக் திட்டத்தையும் இதே டெஸ்ட்டில் ஓட்டுங்கள். அது கேஸானில் வெடிக்காவிட்டால் டெஸ்ட் பிழை.

ப்ரொடக்‌ஷனுக்குக் கேஸான் பாரம் தாங்காது, மெமரியில் எட்டில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். அங்கே 5.12இல் வந்த கேஃபென்ஸ் போடலாம், மாதிரிக்குச் சிலதை மட்டும் பார்க்கும், பாரமில்லை.

ஈரப்பலா (வியாழன், பிற்பகல் 3:44)

சரி, தோற்றேன். ஆனால் ஒரு கேள்வி. ட்ரான்சிஷன் முடியாமல் தொங்கினால்? சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகளைக் காட்டும் ஃபைல்களில்) ஃபோர்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதை அமுக்கிவிடுவீர்களா?

மணிக்கூண்டு (வியாழன், மாலை 5:10)

கனவிலும் கூடாது. மேலே நாம் கட்டிய எல்லாமே "போஸ்ட்_பேட்ச் ஓடும்போது பழைய கோட்டில் யாரும் இல்லை" என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. ஃபோர்ஸ் செய்தால் ஸ்டாக்கைப் பார்க்காமலே எல்லோரையும் மாறியதாகக் கணக்குக் காட்டும், போஸ்ட்_பேட்ச்சும் ஓடும், தூங்கி எழும்பும் பழைய டாஸ்க் ஷேடோ உள்ள செஷனைப் பழைய முறையில் விடுவிக்கும். ஃபோர்ஸ் செய்த மொடியூலை இறக்கவும் கெர்னல் விடாது, காரணம் அதுதான்.

தொங்கினால் எந்த டாஸ்க் என்று பாருங்கள். ப்ரொக்கில் (/proc) ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பேட்ச்_ஸ்டேட் உண்டு: ட்ரான்சிஷன் இல்லாதபோது -1, பழையதில் இருந்தால் 0, புதியதற்கு மாறினால் 1. 0 காட்டுகிறவரின் ஸ்டாக்கைப் பாருங்கள். முக்கியமாக, டிரைவருக்கென்று கெர்னல் த்ரெட் இருந்து, அதன் முடிவில்லாத லூப் இருக்கும் ஃபங்ஷனையே நீங்கள் பேட்ச் செய்தால் அது என்றைக்கும் வெளியே வராது, ட்ரான்சிஷன் என்றைக்கும் முடியாது. லூப்பைத் தொடாமல் அது அழைக்கும் ஃபங்ஷனை மாற்றுங்கள்.

கொள்ளுப்பிட்டி_நைட்ஷிஃப்ட் (ஞாயிறு, காலை 4:35)

ஏற்றியாகிவிட்டது. ஸ்டேஜிங்கில் காலிவீதி அக்கா சொன்ன டெஸ்ட்டில் கெட்_ஆர்_அலாக் திட்டம் உடனே கேஸானில் விழுந்தது. லீக் செய்யும் திட்டம் விழவில்லை.

ப்ரொடக்‌ஷனில் ட்ரான்சிஷன் உடனே முடியவில்லை. டீமனின் ஒரு த்ரெட் அட்டையிலிருந்து ஈவென்ட் வரும் என்று ஐஆக்டிலுக்குள் தூங்கிக்கொண்டு இருந்தது, பேட்ச்_ஸ்டேட் 0. கெர்னல் 15 செக்கனில் அதை ஒரு பொய் சிக்னலால் தட்டி எழுப்பியது. எங்கள் காத்திருப்பு சிக்னலுக்கு விழிக்கும் வகை என்பதால் யூசர் பக்கம் போய் மாறிவிட்டது. டிமெசேஜில் டூப்ளிகேட் எச்சரிக்கை எதுவும் இல்லை.

இனி ஒரு கேள்வி. போயாவுக்கு முன் இன்னொரு திருத்தம் வந்தால், இதை டிசேபிள் செய்துவிட்டு இரண்டையும் சேர்த்து ஏற்றலாமா?

மணிக்கூண்டு (ஞாயிறு, காலை 8:20)

டிசேபிள் வேண்டாம் தம்பி. டிசேபிள் செய்தால் பழைய கோட் திரும்ப வரும், ஷேடோ உள்ள செஷன்களை அது ஷேடோவை மறந்து விடுவிக்கும். போஸ்ட்_அன்பேட்ச்சில் (பேட்ச் விலகி முடிந்ததும் ஓடும் கால்பேக்கில்) ஷேடோ_ஃப்ரீ_ஆல் போட்டு எஞ்சியதைத் துடைக்கலாம், ஆனால் அதுவரை நடுவில் நடப்பதற்கு யார் பொறுப்பு?

அதற்குப் பதில் 5.1இல் வந்த அட்டாமிக் ரீப்ளேஸ். இரண்டு திருத்தங்களும் உள்ள புதிய பேட்ச்சை ரீப்ளேஸ் கொடியோடு ஏற்றினால் பழையது விலகும், இடையில் பழைய கோட் எட்டியும் பார்க்காது. ஷேடோக்கள் பேட்ச்சுக்குச் சொந்தமல்ல, கெர்னலின் டேபிளில் இருப்பவை, ஆகவே ஐடி மாறாமல் இருந்தால் புதிய பேட்ச் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ஒன்றைக் கவனியுங்கள். ரீப்ளேஸில் புதிய பேட்ச்சின் கால்பேக்குகள் மட்டுமே ஓடும், விலகுவதன் கால்பேக்குகள் ஓடாது. உங்கள் பூலியன் பழைய மொடியூலுக்குள் இருக்கிறது, புதியதில் அது மறுபடி பொய்யிலிருந்து தொடங்கும். ரீப்ளேஸ் முடியும் வரை பிறக்கும் செஷன்களில் ஒரு பகுதி லீக் ஆகும், பரவாயில்லை. புதிய பேட்ச்சிலும் போஸ்ட்_பேட்ச் அதை மெய்யாக்குகிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் போயா வரைக்கும் எல்லாச் செஷனும் லீக்தான்.

ஈரப்பலா (ஞாயிறு, காலை 8:33)

இறக்கும் மொடியூலுக்குள், ஷேடோவை விடுவிக்கும்போது ஓடும் டிஸ்ட்ரக்டர் ஃபங்ஷன் இருந்தால் அதுவும் போகுமே?

மணிக்கூண்டு (ஞாயிறு, காலை 8:41)

டிஸ்ட்ரக்டர் ஷேடோவோடு சேமிக்கப்படுவதில்லை, விடுவிக்கும்போது நாம்தான் கொடுக்கிறோம். புதிய பேட்ச் தன்னுடையதைக் கொடுக்கும். தம்பியின் ஷேடோவில் இருப்பது ஒரு கவுண்ட் மட்டும், டிஸ்ட்ரக்டரே தேவையில்லை, நல் கொடுத்தால் போதும்.